வெட்டிய ஒன்பது நிமிஷம்

1984 பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், விழுப்புரத்தில் ஒரு சினிமாவிலிருந்து வெட்டி எறியப்பட்ட புத்த பிக்கு முகையூர் பஸ்ஸில் வந்து இறங்கி, அம்சா வீட்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தார். காகிதத் தடிமன்தான் இருந்தார். பக்கவாட்டில் பார்த்தால் தெரியமாட்டார். கண்டக்டர் யோசித்துவிட்டு அரை டிக்கெட் கிழித்தான்.

வாய்க்கால் தகராறில் அம்சாவின் அப்பாவை மண்வெட்டியால் அடித்துக் கொன்ற பங்காளி பூமாலை, சாட்சி இல்லையென்று விடுதலையாகி வந்து தன் கொல்லைக்காட்டில் மல்லாட்டை விதைத்துக்கொண்டிருந்தான். அம்சாவின் தம்பி சின்னதுரை அருவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அம்சா நேர்ந்துகொள்ளாத சாமியில்லை. அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்து நாத்தனார் வீட்டுக்குப் போனவள், தமிழ் பேசும் ஒரு சைனாப் படம் பார்த்தாள். குருவைக் கொன்றவன் பிக்குவின் காலடியில் கிடக்கிறான். பிக்கு கம்பை ஓங்குகிறார். ஓங்கியபடியே உட்கார்ந்துவிடுகிறார். ஒன்பது நிமிஷம் பேச்சில்லை, பாட்டில்லை. ஒரு ஈ மட்டும் அவர் புருவத்தில் நடக்கிறது. கடைசியில் கம்பைக் கீழே வைத்து, கொன்றவனுக்குத் தண்ணீர் நீட்டுகிறார். அம்சா தேம்பித் தேம்பி அழுதாள். தம்பி இதைப் பார்த்தால் போதும், அருவாளைப் போட்டுவிடுவான் என்று அவளுக்குப் பட்டது.

படம் அடுத்து விழுப்புரம் வந்தது. அங்கே ஆபரேட்டர் வேங்கடேசன், அவள் அக்கா புருஷன். கொட்டகையில் இருமல் கிளம்பும் இடத்தையெல்லாம் கத்தரித்துவிடுவது அவன் பழக்கம்.

"அந்த உக்கார்ற எடத்த மட்டும் வெட்டிடாதீங்க மாமா. என் தம்பி உசுரு அதுலதான் இருக்குது."

"உங்கக்கா மேல சத்தியம்மா. ஜல்தியா கூட்டிக்கினு வா."

படுபாவி! காலை ஆட்டத்தில் சனம் விசிலடித்ததும் வெட்டிவிட்டான். வெட்டியதோடு விட்டானா? வேறொரு சண்டையில் கம்பு இறங்கும் துண்டை எடுத்து அங்கே ஒட்டினான். அம்சா தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த மேட்னியில் பிக்கு அடித்தார், மண்டை பிளந்தது, கொட்டகையே எழுந்து கூத்தாடியது. சின்னதுரை பல வருஷத்தில் முதல்தடவையாகச் சிரித்தான்.

"சாமியாரே அடிச்சிட்டாரு, நான் எம்மாத்திரம்க்கா?"

ஊரான் செய்திருந்தால் அம்சா மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். அக்கா தாலியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ்ஸில் பிக்கு பின்னால் ஏறியதை, முன்சீட்டிலிருந்த தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் விடியலில் அருவாளோடு பூமாலையின் கொல்லைக்குப் போனான். பூமாலைக்கு வலது கை போயிற்று. சின்னதுரைக்கு ஐந்து வருஷம் கடலூர் ஜெயில்.

பிக்கு மரத்தடியிலேயே இருந்தார். ஓங்கிய கம்பில் அம்சா துணி காயப்போட்டாள், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் மேட்னி நேரத்தில் கம்பைக் கீழே வைத்து வெறும் தரைக்குத் தண்ணீர் நீட்டுவார். படத்தில் கீழே கிடந்தவன் மட்டும் அவரோடு வரவில்லை.

1989 மாசியில் சின்னதுரை வந்தான். யாரும் சொல்லாமலே அவர் எதிரில் குந்தினான். ஒன்பது நிமிஷம் கழித்து நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

"இத அன்னைக்கே காட்டியிருக்கலாமேக்கா."

"காட்டத்தாண்டா கூட்டிக்கினு போனேன்," என்று அம்சா ஓவென்று அழுதாள்.

வேங்கடேசனோடு அவள் அப்புறம் பேசவேயில்லை. பிக்கு அங்கேதான் இருக்கிறார். மழை வந்தால் மட்டும் அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைக்கிறார்கள்.