மாசிலாமணியின் பாடு

பசியாவரம் படகுத்துறைக் கம்பத்தில் இருந்த ரீடர் பட்டப்பகலில் கீச்சிட்டது. துறையை ஒட்டிப் போகும் படகில் பதித்த அடையாளச் சிப்பை மட்டுமே படிக்கிற ரீடர் அது. ஆனால் தண்ணீரில் ஒரு படகும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் மீனவர் சங்க ஊழியை நஸ்ரியா திரையைப் பார்த்தாள். புறப்பட்ட படகு: மாசிலாமணி.

படகின் சொந்தக்காரன் மாசிலாமணி ஏரியில் மூழ்கிப் போனபின் படகு மட்டும் கரை ஒதுங்கியது. அதன் சிப்பை நிரந்தரமாக ஊமையாக்கும் கட்டளையைக் கொடுத்தவளே நஸ்ரியாதான். அப்படி ஊமையான சிப் எந்தக் கம்பெனி ரீடருக்கும் மறுபடி பதில் சொல்லக் கூடாது; உலகம் முழுக்க அதுதான் தரநிலை விதி. அந்த விதிமேல் அவளுக்கு வானிலை அறிக்கையைவிட நம்பிக்கை அதிகம்.

மணலில் கவிழ்ந்து கிடந்த படகிடம் ஓடி, கை ரீடரைச் சிப்பின் மேலேயே வைத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. அப்படியானால் கம்பத்துக்குப் பதில் சொன்னது எது?

திரும்பி வந்தபோது, மாசிலாமணியின் மனைவி ஜெயம்மா கம்பத்தடியில் நின்றிருந்தாள்.

“இன்னாம்மா தேடுற? இன்னிக்கு அவரு பாடு.”

யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று ஊரே சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் முறைதான் பாடு. சிப்பை ஊமையாக்கியவர்களுக்கு, பாடு பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்கத் தோன்றவில்லை.

நஸ்ரியாவின் கை ரீடரின் சுவிட்சுக்குப் போனது.

“அணைச்சிடாதம்மா,” என்றாள் ஜெயம்மா. “போனதுக்கு அடிச்சிச்சு இல்ல? வர்றதுக்கும் அடிக்கணும்.”

அப்போதுதான் நஸ்ரியா கவனித்தாள். ஜெயம்மா காலி மீன்கூடையோடு வந்திருந்தாள்.