கீழ்வீட்டு அன்ரி

ரொக்ஸ்பரோவில் சிவநேசத்தின் வீட்டு மேல்மாடியில் கத்தரின் என்ற பூர்வகுடிப் பெண் ஆறு வயது மகள் நவோமியுடன் குடியிருந்தாள். பெப்ரவரி உறைபனியில் ஒரு பிற்பகல் நவோமி கோட்டும் இல்லாமல் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சிவநேசம் அவளை உள்ளே கூட்டிவந்து பால் சூடாக்கிக் கொடுத்தாள். கத்தரின் போனை எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் பார்த்துவிட்டுச் சிறுவர் பாதுகாப்புத் துறைக்கு அறிவித்தாள். அவர்கள் வந்து பிள்ளையைக் கொண்டுபோனார்கள்.

ஐந்து கிழமை கழித்து வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. கத்தரினின் பூர்வகுடிச் சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறதாம். நவோமியின் கோப்பு இனி அவர்களிடமாம். சனிக்கிழமை லொங்குய்யில் குடும்பக் கூட்டம், சிவநேசமும் வரவேண்டுமாம்.

"சாட்சி சொல்லவோ?" என்றார் கணவர் இரவிச்சந்திரன்.

"தெரியேல்லை. குடும்பக் கூட்டமெண்டுதான் சொன்னவை. நான் என்ன குடும்பம்?"

அங்கே கதிரைகள் வட்டமாகக் கிடந்தன. கத்தரினின் பெரியம்மா பிரெஞ்சில் நேரே கேட்டார்.

"என் போன் நம்பர் பிள்ளைக்கு மனப்பாடம். வேறு யாருக்குப் போன் எடுக்கலாம் என்று அவளிடம் கேட்டீர்களா?"

"கேட்கவில்லை" என்றாள் சிவநேசம். அப்படியொன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கூட்டத்தை நடத்திய பெண் ஒரு தாளை வாசித்தாள். தன்னுடைய ஆட்கள் யார் என்று கேட்டபோது நவோமி நாலு பேரைச் சொல்லியிருந்தாள். மூன்றாவது, கீழ்வீட்டு அன்ரி. கத்தரின் மூன்று மாதம் சிகிச்சைக்குப் போகிறாள். பெரியம்மாவின் ஊரோ வடக்கே ஒன்பது மணி நேரம். பள்ளிக்கூடம் மாறாமல் பிள்ளை உங்களோடு இருக்கலாமா என்று சிவநேசத்திடம் கேட்டாள்.

"முறைப்பாடு செய்தவளே நான்தானே" என்றாள் சிவநேசம்.

கத்தரின் அப்போதுதான் நிமிர்ந்தாள். "அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அவள் உங்களைத்தான் சொல்கிறாள்."

இது மதிப்பா தண்டனையா என்று சிவநேசத்துக்கு விளங்கவில்லை. சம்மதம் என்று வாய் சொல்லிவிட்டது. படிவத்தில் உறவு என்ற இடத்தில் கூட்டத்தை நடத்திய பெண் யாரையும் கேளாமல் 'அன்ரி' என்றே எழுதினாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"அப்ப பிழை ஆரில எண்டு சொன்னவை?" என்றார் அவர்.

"அதை ஆரும் சொல்லேல்லையப்பா."

ஞாயிறு மத்தியானம் நவோமி பையோடு வந்தாள். நேரே உள்ளே நடந்து, "நான் எங்கே படுக்கிறது?" என்று கேட்டாள். சிவநேசம் இன்னும் அதை யோசித்திருக்கவில்லை. இருவரும் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.