பட்டாணிக்கு விழுந்த திட்டு

என் மகள் தலையை வெட்டி வெட்டி ஆட்ட ஆரம்பித்தபோது நான் முதலில் எடுத்தது கத்தரிக்கோல். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெண்களுக்கு முடி வெட்டுகிறவள் வேறு எதை எடுப்பாள்? நெற்றி முடி கண்ணில் விழுகிறது, அதைத்தான் உதறுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் வெட்டினேன். ஆட்டம் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெட்டினேன். கடைசியில் வெட்டுவதற்கு நெற்றியில் ஒன்றும் மிச்சமில்லை, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

"முடி இல்லடி, கண்ணுலதான் கோளாறு. எப்படிச் சிமிட்டுறா பாரு" என்றார் அவள் அப்பா. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அன்றைக்கே ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். பிறகு தொண்டையில் 'க்ருக் க்ருக்' என்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. வண்டி மெக்கானிக்கான என் தம்பி அவள் கழுத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எங்கேயோ அடைப்புக்கா" என்று சொம்பு சொம்பாக வெந்நீர் குடிக்க வைத்தான். பிள்ளை பாத்ரூமே கதி என்று கிடந்தாள். நல்லவேளை, எங்கள் குடும்பத்தில் தச்சர் யாரும் இல்லை.

எட்டு வயது. ஓரிடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் பட்டாணி என்று கூப்பிடுவோம்.

ஒருநாள் பள்ளி விட்டதும் என் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையில் சாயத்தோடு நாற்காலியில் இருந்த வாடிக்கையாளரைச் சுவர்க்கண்ணாடி வழியாகப் பார்த்து நாக்கை நீட்டினாள். மறுபடியும் நீட்டினாள். எனக்கு மானமே போயிற்று.

"ஏண்டி நாக்கை நீட்டினே?"

"நான் நீட்டலம்மா. அதுவா வருது."

"அதுவா வர்றதுக்கு அது என்ன பஸ்ஸா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். பட்டாணி சிரிக்கவில்லை. துண்டு அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொத்திய கைக்குள்ளேயும் நாக்கு வந்து வந்து போனது. வேண்டுமென்றே செய்கிறவள் ஒளிந்துகொண்டு எதற்குச் செய்யப் போகிறாள்? சாயத்தை அலசி அந்த அம்மாவை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

எங்கள் மூவரின் கண்டுபிடிப்பையும் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதுக்கு முன்னாடி தொண்டை வலி ஏதாவது வந்துச்சா?" என்றார். வந்தது. தானாகச் சரியானதும் மறந்தே போய்விட்டோம். தொண்டையிலும் ரத்தத்திலும் சோதனை செய்தார்கள். முடிவு வந்ததும் அவர் சொன்னார்: "கிருமியை அடிக்கக் கிளம்பின எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி மூளையில ஒரு இடத்தைப் போட்டு அடிக்குதுன்னு நினைக்கிறேன். இவ வேணும்னு பண்ணல. மருந்து தரேன், மெதுவாத்தான் குறையும். திரும்பத் தொண்டை வலிச்சா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

பட்டாணி எங்கள் பக்கம் திரும்பி, "சொன்னேன்ல?" என்றாள். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

மருந்து வேலை செய்தது. நாக்கு உள்ளே போனது, தலை எப்போதாவது மட்டும் ஆடியது. ஆனால் எங்களுக்குத்தான் வேறு வியாதி பிடித்துக்கொண்டது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா? பரவாயில்லை கண்ணு, உடம்புதான். தட்டைத் தள்ளிவிட்டாளா? உடம்புதான். மாமன் செருப்பை ஒளித்துவைத்தாளா? பாவம், உடம்பு. பட்டாணி எங்களை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பின்கட்டில் துண்டு காயப்போட்டுவிட்டுக் கடைக்குள் வந்தால், சுவரில் ஒட்டியிருந்த படங்களில் அழகழகான பெண்கள் எல்லாருக்கும் முறுக்கு மீசை. இருப்பதிலேயே உசத்தியான உதட்டுச்சாயத்தில் போட்டது. நான் அலறியது கேட்டு அவரும் தம்பியும் ஓடி வந்தார்கள்.

"புதுசா ஏதாவது ஆரம்பிச்சிருக்கோ?" என்று அவர் கிசுகிசுத்தார்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடுக்கா" என்றான் தம்பி.

நான் பட்டாணியின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். "கை அதுவா போச்சா கண்ணு?"

அவள் என் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "அதுவா போகல! நான் போட்டேன்! நானே யோசிச்சுப் போட்டேன்!" கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு நான் பண்ணலன்னு சொன்னேன், நம்பல. இன்னைக்கு நான்தான் பண்ணேன்னு சொல்றேன், அதையும் நம்ப மாட்டேங்கிறீங்க. அப்ப நான் எதுவுமே பண்றதில்லையா?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"ஏண்டி கழுதை! கை சும்மாவே இருக்காதா உனக்கு? மீசை போட என் கடைதான் கிடைச்சுதா? யாருடி துடைக்கிறது இதெல்லாம், உங்கப்பனா?"

அவர் பயந்துபோய் என் கையைப் பிடித்தார். உதறினேன். என் கண்ணீர் ஒரு பக்கம் ஓட, திட்டு ஒரு பக்கம் ஓடியது. பட்டாணி, திட்டு வாங்குகிற பிள்ளை எப்படி நிற்க வேண்டுமோ அப்படித் தலையைக் குனிந்து, விரலைப் பிசைந்துகொண்டு நின்றாள். உதடு மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் துடித்தது.

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம்மா" என்றாள்.