அவிக்னத்தில் கிராணியம்மாவும் பஞ்சாலையும்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மலேசியாவின் ரந்தாவில் பஞ்சாலை என்ற கிழவியின் சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். சிரம்பானிலிருந்து டாக்சி வைத்து வந்திருந்த ஆனந்தவல்லி என்ற யாழ்ப்பாணத்து அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவர் சொன்னார், நான் எடுத்துக்கொண்டேன். (கேட்டுத்தான் எடுத்தேன். “எழுதும். ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதையும்” என்றார்.)

முதல் வரியை நான்கு முறை எழுதினேன். “1943இல் ஜப்பானியர் ஆட்சியின் கொடுமைகள் தோட்டங்களில்...” இது பாடப்புத்தகம். “ரப்பர் மரங்கள் கண்ணீர்...” மரங்கள் ஒன்றும் அழவில்லை. பால் வாங்க ஆளில்லாததால் சும்மா நின்றன. ஜனங்கள் மரவள்ளி நட்டார்கள்.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம்.

2

லிங்கி ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டம். பிரெஞ்சுக்காரத் துரை ஓடிப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஜப்பான்காரர் தங்குவதற்காகப் பங்களாவைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டப்போன பஞ்சாலைக்கு அலமாரியின் பின்னால் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அதற்குள் மடித்த வரைபடம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மடியில் கட்டிக்கொண்டு நேரே தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி துரைசிங்கம் வீட்டுப் பின்கதவுக்கு வந்தாள்.

“கிராணியம்மா, இது எந்த ஊரு?”

கிராணியின் மனைவி ஆனந்தவல்லி எழுத்துக்கூட்டினாள். “அவிக்னன். பிரான்ஸ் தேசத்தில தெற்குப் பக்கம்.”

“அவிக்னமா? விக்னமே இல்லாத ஊரா?”

(அங்கே அதை அவிஞோன் என்கிறார்கள். எனக்குத் தெரியும். திருத்தப்போவதில்லை.)

ஆனந்தவல்லிக்கு அப்போது இருபத்திமூன்று வயது. கலியாணமாகி வந்தவள். கிராணி வீட்டுப் பெண் லயத்துக் கூலிப் பெண்களோடு பேசக்கூடாது, வெள்ளைக்காரிகள் இருந்த காலத்திலும் இவளோடு பேசவில்லை. பஞ்சாலையின் புருஷனைச் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோயிருந்தார்கள். இருவருக்கும் மத்தியானங்கள் நீளமாக இருந்தன.

3

ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீடு காலியாகக் கிடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே வரைபடத்தை விரித்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவார்கள். ரயில் நிலையத்தில் இறங்கி, மதில் வாசல் வழியாக உள்ளே போய், அகலமான சாலையில் நேராக நடந்தால் மணிக்கூண்டு. அதைத் தாண்டினால் ஒரு காலத்தில் பாப்பரசர்கள் குடியிருந்த கோட்டை அரண்மனை.

“இம்மாம் பெரிய வீட்ட யாரு கூட்டுனது?” என்பாள் பஞ்சாலை.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு குன்று. அங்கிருந்து பார்த்தால் ஆறும், ஆற்றின் நடுவிலேயே நின்றுபோன பழைய பாலமும்.

பஞ்சாலைக்குப் பிடித்தது சாயக்காரர் தெரு. வாய்க்கால் ஓரமாகத் தண்ணீர்ச் சக்கரங்கள் சுழலும் என்று புத்தகத்தில் இருந்தது. உடுத்தத் துணியில்லாமல் சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தவள் அந்தத் தெருவில் மட்டும் அரைமணி நேரம் நிற்பாள். “அக்கா, அந்த மாம்பழக் கலரு எனக்கு. நீங்க கத்திரிப்பூவு எடுத்துக்குங்க.” தோட்டத்தில் கிராணியம்மா, அவிக்னத்தில் அக்கா. ஆனந்தவல்லி இதைக் கவனித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

எழுத்துத் தெரியாததால், நின்ற இடங்களில் எல்லாம் பஞ்சாலை பென்சிலால் ஒரு சிலுவைக்கோடு போட்டு வைத்தாள்.

(இந்த இடத்தில் இன்னும் நான்கு பக்கம் எழுத ஆசை. இருவரும் சந்தோஷமாக இருந்த கதை இத்தோடு முடிகிறது.)

4

ஒரு மத்தியானம் ஜப்பான்காரர்கள் கிராணி வீட்டைச் சோதனை போட்டார்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் புத்தகத்தோடு வரைபடம் அகப்பட்டது. மதில், ஆறு, பாலம், அங்கங்கே சிலுவைக்கோடு. துரைசிங்கத்தை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் முட்டிபோட வைத்தார்கள். அதிகாரி ஆற்றின்மேல் விரலை வைத்துக் கத்தினான். கணேசமூர்த்தி என்ற மொழிபெயர்ப்பாளர் ஆனந்தவல்லியிடம் கேட்டார்:

“இது லிங்கி ஆறாங்கறாரு. யாருக்காக இந்தக் குறியெல்லாம் போட்டீங்க?”

அவள் ~~நடுங்கினாள்~~ ~~யோசித்தாள்~~ உடனே சொன்னாள்:

“நான் போடேல்ல. பஞ்சாலை போட்டது. கொண்டுவந்ததும் அவள்தான்.”

(ஒரு சொல்கூடப் பொய்யில்லை. “அதுதானே பிள்ளை பிரச்சினை” என்றார் என்னிடம்.)

5

மரவள்ளிக் காட்டிலிருந்து பஞ்சாலையை இழுத்து வந்தார்கள். அதிகாரி ஓங்கி ஓர் அறை விட்டான். அவள் ஆனந்தவல்லியைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. பிறகு கணேசமூர்த்தியிடம், “புஸ்தகம் ஒன்னு அதுகூட இருக்குங்க. அதப் பாத்துக்கிட்டே வாங்க, நா நடந்து காட்றேன்” என்றாள்.

பெரட்டுக்களத்தின் மண்ணில் நடக்கத் தொடங்கினாள்.

“இங்க ரயில் டேசனு. இது வாசல். நேரா போனா மணிக்கூண்டு. இப்ப அரமனை, உள்ள போவக்கூடாது. இந்தப் படி ஏறுனா குன்னு.” உதட்டில் ரத்தம் வழிந்தது. துடைக்கவில்லை. “இறங்குனா பாலம். கொஞ்ச தூரந்தான் போலாம்.” நின்றாள். “இதுக்கு மேல இல்லீங்க.”

கணேசமூர்த்தி பக்கம் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்தார். இது லிங்கி இல்லை, பிரான்ஸ் தேசத்து ஊர் என்று அதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். அதிகாரி படத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறிப்போனான்.

சாயக்காரர் தெருவுக்கு மட்டும் அவள் போகவில்லை. அதை யாருக்கும் காட்டவில்லை.

துரைசிங்கம் எழுந்து மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போனார். பஞ்சாலை தனியாக லயத்துக்கு நடந்தாள்.

6

நாலு நாள் ஆனந்தவல்லி வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் காலை பஞ்சாலை வந்து பின்கதவைத் தட்டினாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

அவளை இப்படிப் பேச வைத்தேன்: “விடுங்கக்கா, பயம் யாருக்குத்தான் இல்ல.” அது ஆனந்தவல்லிக்கு நான் காட்டும் சலுகை. அந்த வரியை அடித்துவிட்டேன். பிறகு அவளைக் காறித் துப்பிவிட்டுப் போகவைத்தேன். வாசகர் கைதட்டுவார்; ஆனால் அதற்குப் பிறகு ஐம்பது வருடம் தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தது எப்படி? அதையும் அடித்தேன்.

சாவு வீட்டிலேயே கேட்டேன். “அன்னைக்கு அவங்க என்னதான் சொன்னாங்க?”

“ஒரு வசனம். அதை உமக்குத் தர மாட்டன்.”

பறை ஒலிக்கத் தொடங்கியது. அவர் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

எனவே கதவு திறந்திருக்கிறது, பஞ்சாலை வாயைத் திறக்கிறாள், நான் பேனாவை உங்களிடம் தருகிறேன். ஆனந்தவல்லியின் இடத்தில் நின்றிருந்தால் நீங்கள் பஞ்சாலை வாயிலிருந்து என்ன கேட்க விரும்பியிருப்பீர்களோ, அதை எழுதிவிடாதீர்கள். வீங்கிய கன்னத்தோடு அவளால் எதைச் சொல்ல முடிந்திருக்கும் என்று பார்த்து எழுதுங்கள்:

“