பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு

எங்கள் ஃபேக்டரிக்குப் புது மேனேஜர் வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. என் பொறுப்பில் இருக்கும் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து, காலியான பிளாஸ்திரி டப்பாவை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"விபத்து இல்லாம நானூத்திப் பன்னண்டு நாள்னு வாசல் பலகையில போட்டிருக்கு. அப்ப இந்தப் பிளாஸ்திரியெல்லாம் எங்கதான் போகுது?"

இந்த ஆளுக்கு என் டப்பா மேல் என்ன கண் என்று எரிச்சலாக வந்தது.

"கேக்கறாங்க, குடுக்கறேன். எனக்கென்ன சார் தெரியும்?" வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

திட்டுவார் என்று பார்த்தால், எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார். பேன்ட்டைச் சுருட்டி, கன்றிப்போன முழங்காலைக் காட்டினார்.

"நேத்து ஸ்டோர் ஏணியில விழுந்தேன். இந்த நம்பரைக் கெடுப்பானேன்னு நானும் மூச்சு விடல." பலகையை அழித்துப் பூஜ்யம் போட்டார். "அந்த ரெண்டாவது படி ஆடும்னு யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"



கட்டுப் போட்ட கையை வெளியே எடுத்தேன்.

"தெரியும் சார். போன வாரம் அதே படியிலதான் நான் விழுந்தேன்."