பதினொரு ஓட்டை

வைத்திக்குப்பத்தில் எந்தப் படகு ஒழுகினாலும் உத்திராபதியைத்தான் கூப்பிடுவார்கள். வேலை சுத்தம், வாய்க்கொழுப்பும் அதற்குக் குறைவில்லை. ஓட்டையில் மர ஆணியை அடித்து, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவான். தண்ணீரில் ஊறியதும் ஆணி உப்பிப் பலகையை இறுகக் கவ்விக்கொள்ளும். இருபது வருஷமாக அவன் அடைத்த ஓட்டை ஒன்றுகூடத் திறந்ததில்லை.

அறுபதாம் வருஷம் பிரான்சுக்குக் கப்பலேறிய ஒரு துரை, தன் படகை மீன் வியாபாரி சுப்பராயனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மருந்துக்கும் மரம் இல்லை. கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்த படகு. போகிற மனுஷர் சும்மா போனாரா? அடியில் திருகியிருந்த பித்தளைப் பட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். பதினொரு திருகாணி ஓட்டைகளோடு படகு கரைக்கு வந்தது.

அந்தத் துரையிடம் சமையல்காரனாக இருந்தவன் காத்தவராயன். உத்திராபதியின் தங்கை அஞ்சலாட்சியின் புருஷன். குப்பத்தில் பிறந்தும் கடலில் இறங்காதவன், நீச்சல் தெரியாதவன் என்று அவனைக் கண்டாலே மச்சானுக்கு இளக்காரம். அவன் ஒரு தகர டப்பாவோடு வந்து நின்றான்.

"மச்சான், இதுக்கு மர ஆணி ஆவாது. ஓட்டையச் சுத்திச் சொரண்டிட்டு, நார்த்துணிய இந்தப் பிசின்ல நனைச்சி ஒட்டணும். தொரை செய்யறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். டப்பா மேல பிரெஞ்சுல எழுதியிருக்குது, படிச்சிச் சொல்லட்டா?"

"கொழம்புல உப்பு இருக்குதான்னு மட்டும் நீ சொல்லுடா."

கரையே சிரித்தது. காத்தவராயனும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான். பாவம், வேறு என்ன செய்வான்!

உத்திராபதி பதினொரு ஆணியையும் அடித்து, படகை ஆழமில்லாத தண்ணீரில் ஊறவிட்டான். மறுநாள் காலையில் தனியாகப் போய் அடியில் கைவைத்துப் பார்த்தான். ஆணி உப்பத்தான் செய்திருந்தது. ஆனால் கவ்விக்கொள்ளப் பலகை வேண்டாமா? அதுவோ விரல் கனம்கூட இல்லாத ஓடு. மூன்று ஆணிகள் விழப்போகிற பல்லைப் போல ஆடின.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், கரண்டி பிடிக்கிறவன் ஜெயித்தான் என்று ஊர் பேசும். சொல்லாவிட்டால் உத்திராபதியே படகில் ஏறவேண்டும். ஓட்டையை அடைத்தவன் முதல் ஓட்டத்தில் படகின் அடியில் உட்கார்ந்து போகவேண்டும், முடியாவிட்டால் அவன் வீட்டு ஆள் போகவேண்டும் என்பது குப்பத்து வழக்கம்.

உத்திராபதி நொண்டிக்கொண்டே கரைக்கு வந்தான்.

"காலு சுளுக்கிக்கிச்சி. காத்தவராயா, எனக்குப் பதிலா நீ ஏறு. தொரை படகாச்சே, உனக்குத் தெரியாததா?"

நாலு பேர் முன்னால் மச்சான் அவனை மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. காத்தவராயன் முகமெல்லாம் பல்லாக வேட்டியை மடித்துக் கட்டினான்.

"கெட்டியா இருக்குதா மச்சான்?"

"என் கைமேலயே சந்தேகமா?"

"ஐயோ, சும்மாதான் கேட்டேன்."

நனைந்து திரும்பி வருவான், அவ்வளவுதானே என்று உத்திராபதி நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டான். அவனுக்கு நீச்சல் தெரியாதது அந்த நேரத்தில் மறந்துபோயிற்றாம். யாரிடம் சொல்கிறான் இந்தக் கதையை!

மூன்றாவது அலை அடியில் அறைந்ததும் ஆணிகள் பிடுங்கிக்கொண்டன, படகு முழுகிப்போயிற்று. துடுப்புப் போட்ட இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். காத்தவராயனை உச்சிவேளையில்தான் கடல் கொண்டுவந்து போட்டது.

"ஓட்ட தொறந்துக்கிச்சாமே. நீ அடைச்சதுதானே?" என்றார் சுப்பராயன்.

உத்திராபதி பிணத்தைக் கைகாட்டினான்.

"நான் அடைச்சது கல்லு மாதிரி இருந்திச்சி. எனக்குத் தெரியாம இவன் ஆணியப் புடுங்கிட்டுத் தன் பிசினத் தடவியிருக்கான். டப்பாவத் தூக்கினு அலைஞ்சத எல்லாருந்தான பாத்தீங்க?"

எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். சிரித்தவர்களும் அவர்கள்தானே. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். துடுப்புப் போட்டவர்களில் ஒருவன், பாவிப்பய எங்களையும் கொல்லப் பாத்தானே என்று பிணத்தைப் பார்த்துக் காறித் துப்பினான்.

தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்த அஞ்சலாட்சி எழுந்தாள். துப்பியவனைக் கும்பிட்டாள். சுப்பராயனைக் கும்பிட்டாள். பிறகு அண்ணன் காலில் விழுந்தாள்.

"உம்பேரக் கெடுத்துட்டாரே அண்ணே! அவரு புத்தியில்லாம செஞ்சிட்டாரு. மன்னிச்சிடுண்ணே, அவர மன்னிச்சிடு!"

கரையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. உத்திராபதி குனிந்து தங்கையைத் தூக்கினான்.

"அழாத வுடு. நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல."