எர்த் போல்ட்டுக்கு அடியில்

என் வேன் கிளம்பும் சத்தத்தில்தான் தெருவே எழுந்திருக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா ஒருநாள் சொன்னாள். அது பாராட்டல்ல. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டார் 'ஊ...ம்' என்று ஒரு சுற்று முக்கும். கொஞ்சம் யோசிக்கும். மறுபடி ஒரு 'ஊ...ம்'. அதற்குமேல் அதற்கு மனசு வராது. அப்போது வண்டிக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்.

"ரெண்டாவது கியர்ல போட்டுக்கோ! நான் தள்றேன்!"

எங்கள் தெரு கொஞ்சம் சரிவு. காலி வேனை ஓர் ஆள் தம் பிடித்துத் தள்ளினால் உருண்டுவிடும். வேகம் எடுத்ததும் கிளட்சை விட்டால் ஓர் உலுக்கு உலுக்கி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் பார்ப்பேன். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்பார். முகத்தில் ஜெயித்துவிட்ட களை.

அந்தக் களைக்காகத்தான் இவ்வளவு நாள் பொறுத்துப் போனேன். மற்றபடி எனக்குப் பொறுமை என்பது பேருக்குக்கூடக் கிடையாது. வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் ஆஸ்பத்திரித் துணி வேன் ஓட்டுகிறவள். சலவைக்கூடத்திலிருந்து வெளுத்த விரிப்புகளையும் ஆபரேஷன் துணிகளையும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். வேன் என்னுடையது. ஓட்டுவதும் நான், மூட்டை தூக்குவதும் நான், இடுப்பு வலி என்று புலம்புவதும் நானேதான்.

என் வீட்டுக்காரர் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர். தொழிற்சாலையை மூடினார்கள். முதல் வாரம் நண்பர்களைப் பார்க்கப் போனார். அப்புறம் அதுவும் நின்றது. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி சுவர்.

"அந்தச் சுவத்துல அப்படி என்னதாங்க தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுந்தெரியல" என்றார். திரும்பக்கூட இல்லை.

திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவருடைய முதுகோடு எப்படிச் சண்டை போடுவது? பயந்துபோனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே எழுந்தார். என் வேனின் பானெட்டைத் திறந்து பார்த்து, "வெளியில மட்டும் கழுவி வெச்சிருக்க. உள்ள துரு புடிச்சுக் கிடக்கு" என்றார். போய் வெள்ளிப் பெயின்ட் வாங்கிவந்தார். அடுத்த நாலைந்து நாள் மனுஷன் பானெட்டுக்குள்ளேயே குடியிருந்தார். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கோட்டுக்கு இரண்டு கோட்டாக அடித்து, திரும்ப மாட்டினார். முடித்ததும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். உள்ளே பளபளவென்று இருந்தது. "முகம் பாத்துத் தலை வாரலாம் போலிருக்கே" என்றேன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வண்டி முக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

எங்கள் மெக்கானிக்குக்கு 'மாத்திடலாம்' என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். பேட்டரியைப் பார்த்தார், மாத்திடலாம் என்றார். மாற்றினோம். வண்டி அதே முக்கு முக்கியது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேஜையில் வைத்து கரண்ட் கொடுத்தார். அது கிர்ரென்று சுழன்றது. வண்டியில் மாட்டினால் பழைய 'ஊ...ம்'. தலையைச் சொறிந்தவர் கடைசியில், "எஞ்சினே டைட்டாயிடுச்சு. வண்டியவே மாத்திடலாம்" என்றார். உங்கள் வாயை முதலில் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் தள்ளுவது என் வீட்டுக்காரருக்கு உத்தியோகமாகவே ஆகியிருந்தது. நான் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, தொழிற்சாலையில் கொடுத்த கனமான ஷூவைத் தேடியெடுத்து, லேஸ் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். தெருப் பையன்கள் "தள்ளுவண்டி வருது" என்று கேலி செய்தால் அவர்களையும் ஒரு கை போட வைப்பார். கட்டில் பக்கம் பகலில் போவதே இல்லை. வண்டி கெட்டால் கெட்டுப்போகட்டும், மனுஷன் எழுந்து நடமாடுகிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் சரிவு கிடையாது. அங்கே நான் எஞ்சினை அணைப்பதே இல்லை. ஒருநாள் வாட்ச்மேன் வந்து, வார்டு ஜன்னலுக்குப் புகை போகிறது, அணை என்று பிடிவாதம் பிடித்தார். அணைத்தேன். மூட்டைகளை இறக்கிவிட்டுச் சாவியைத் திருகினால் வண்டி அசையவில்லை. பின்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்று அலற ஆரம்பித்தது. வாட்ச்மேன், வார்டு பையன்கள் என்று ஆளாளுக்குக் கை கொடுத்துத்தான் வண்டியை ஓரங்கட்டினார்கள். எனக்கு மானம் போயிற்று.

சலவைக்கூட மேற்பார்வைக்காரம்மா என்னைத் திட்டவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வேன் சொல்ல வேண்டியிருக்கும்மா. எனக்கு வேற வழியில்ல" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்று ஆஸ்பத்திரியில் தள்ளிவிட வந்தவர்களில் அங்கத்து எலக்ட்ரீஷியனும் ஒருவர். "லைட்டைப் போட்டுட்டு சாவியத் திருகுங்க" என்றார். செய்தேன். மோட்டார் முக்கியது. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. மோட்டாரும் வெளிய சுத்துதுன்னு சொல்றீங்க. அப்போ நடுவுல எங்கயோ கரண்ட் மாட்டிக்குது." தன்னுடைய மீட்டரைக் கொடுத்து, எங்கெங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். "பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, எஞ்சின் மேல ஒரு முனை. ஸ்டார்ட் பண்றப்போ முள்ளு எந்திரிக்கவே கூடாது. எந்திரிச்சா எர்த் சரியில்லைன்னு அர்த்தம்."

எல்லாரும் சேர்ந்து தள்ளிக் கிளப்பிவிட, வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தேன். மீட்டரை நான் பிடிக்க, சாவியைத் திருக ஓர் ஆள் வேண்டும். அவர்தான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நடுவில் பானெட் கதவு தூக்கி நின்றது. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது.

முதலில் பிளஸ் பக்கம். "திருகுங்க" என்றேன். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அடுத்து மைனஸ் பக்கம்.

"திருகுங்க."

'ஊ...ம்.' முள் துள்ளி எழுந்து மூன்று வோல்ட்டைத் தாண்டியது.

"என்ன காட்டுது?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"இருங்க, இன்னும் பாக்கறேன்."

ஜம்பர் கேபிளின் ஒரு நுனியைப் பேட்டரி மைனஸில் கவ்வவைத்து, மறு நுனியை நேரே எஞ்சினில் கவ்வவைத்தேன். "இப்போ திருகுங்க."

கையை எடுக்கக்கூட நேரமில்லை. எஞ்சின் அப்படியே பற்றிக்கொண்டது. உள்ளே அவர் கைதட்டினார். எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் பட்டை ஒன்று இருக்கிறது, அதுதான் எர்த். அதன் போல்ட்டைப் பார்த்தேன். வெள்ளியாக மின்னியது. அணைக்கச் சொல்லிவிட்டு ஸ்பேனர் போட்டுக் கழற்றினேன். பட்டையைத் தூக்கினால் அடியிலும் வெள்ளி. பாடியில் இரண்டு கோட், பட்டையின் முனையிலும் இரண்டு கோட். துரு இருந்த இடத்தைத் தேடித் தேடித் தேய்த்து, ஒரு முடியளவு உலோகம்கூட வெளியே தெரியாதபடி அடித்து, காயவைத்து, அதன்மேல் அழுத்தமாக முடுக்கியிருந்தார். நடுவில் பெயின்ட் தடுத்தால் கரண்ட் எந்த வழியாகப் போகும்? போல்ட்டின் மரைகளில் எங்கோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சுவரை விட்டு எழுந்து அவர் செய்த முதல் வேலை இது.

"கண்டுபுடிச்சியா?" என்றார்.

"ஒரு வயர் லூசா இருந்துச்சுங்க" என்றேன். பானெட் கதவுக்கு நன்றி. நேருக்கு நேர் எனக்குப் பொய் வராது. "நீங்க போய் டீ போடுங்க. நான் முடுக்கிட்டு வந்துடறேன்."

அவர் உள்ளே போனதும் உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று சுரண்டினேன். வெறும் உலோகம் தெரிந்தது. மாட்டி முடுக்கினேன். டீ நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஷூ போட்டுக்கொண்டு வழக்கம்போல வந்தார். "எதுக்கும் பின்னாடி நிக்கறேன்" என்றார். சாவியைத் திருகினேன். தொட்டதும் எஞ்சின் பிடித்தது. கிளம்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், தள்ளுவதற்காக நீட்டிய கைகளை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த களை இல்லை. திருப்பத்தில் மறையும்வரை அப்படியே நின்றார்.

அன்று முழுக்க வண்டி தங்கமாக ஓடியது. ஆஸ்பத்திரியில் அணைத்தேன், ஸ்டார்ட் செய்தேன், மறுபடி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து வாட்ச்மேனுக்குக் காட்டினேன். மீட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் மனசு கட்டிலிலேயே கிடந்தது. திரும்பிப் போனால் முதுகைத்தான் பார்ப்பேனோ என்று நினைக்கும்போதெல்லாம், அந்தப் பாழாய்ப்போன பட்டையை மறுபடி கழற்றிப் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். காலில் இன்னும் ஷூ இருந்தது.

"பானெட்டைத் தொற" என்றார்.

திறந்தேன். அவர் எங்கும் தேடவில்லை. அந்த இண்டுஇடுக்கெல்லாம் அவர் கை பட்ட இடம். நேரே எர்த் போல்ட்டில் விரலை வைத்தார்.

"இங்க சுரண்டியிருக்க."

விரலை எடுக்காமலே சொன்னார்.

"காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். லூசுன்னு சொன்ன. நான் முடுக்குனது எதுவும் லூசாகாது. அப்போ பெயின்ட்டுதானே?"

"ஆமாங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடியும் அந்தச் சுவத்தப் பாத்துப் படுத்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. வண்டி போனாக்கூட வேற வேலை தேடிக்குவேன். உங்க முதுகையே பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க."

அவர் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே கெடுத்துட்டு, நானே தள்ளிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய் அவரை என் பக்கம் திருப்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. "பேட்டரி மாத்தி, மோட்டாரக் கழட்டி... அந்த 'மாத்திடலாம்' பேச்சக் கேட்டு வண்டிய வேற வித்திருப்போம்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

சட்டென்று அவர் முகம் மாறியது. "அதுக்காக இப்படியா சுரண்டுவ? எலி கடிச்ச மாதிரி இருக்கு. ஒரு வேலையச் சுத்தமா செய்யத் தெரியுதா உனக்கு?"

ரொம்ப நாளைக்கப்புறம் திட்டினார். கேட்கக் காதுக்கு இதமாக இருந்தது. பட்டையைக் கழற்றி, வாஷர் உட்காரும் அளவுக்கு மட்டும் வட்டமாகத் தேய்த்து, சுற்றி டேப் ஒட்டி, நான் கோரப்படுத்திய ஓரத்துக்கெல்லாம் பெயின்ட் அடித்தார். நடுவில் வெறும் உலோக வட்டம், கோணாமல் சுத்தமாக இருந்தது. அதைக் காயவிட்டு முடுக்கினார்.

மறுநாள் காலையில் ஷூ சத்தம் கேட்டது. பின்பக்கம் போவார் என்று கண்ணாடியைப் பார்த்தேன், ஆள் இல்லை. எனக்கு அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. சீட்டில் இருந்த என் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"எங்கங்க?"

"மூட்டை தூக்க ஆள் வேணாமா? இடுப்பு வலி, இடுப்பு வலின்னு தெனமும் என் காதுலதான ஓதற."

சாவியைத் திருகினேன்.

"ஏய், இரு இரு! கதவ மூட விடு!" என்று கத்தினார்.